மரை போட்ட மனுஷர்: ஜோசப் விட்வொர்த்

போன டிசம்பர்ல எங்க வீட்டுல கீசர் மாட்டினோம். ஐயப்பன்தாங்கல்ல பஸ் டெப்போவுக்குக் கொஞ்சம் தள்ளி, நாலு மாடி அபார்ட்மென்ட்ல மூணாவது மாடி. பிளம்பர் அண்ணன் சுவத்துக்கும் கீசருக்கும் நடுவுல வைக்க ஒரு அரை இஞ்ச் பித்தளை பால் வால்வு வாங்கி வைக்கச் சொல்லிட்டுப் போனார். நான் மெக்கானிக்கல் ஃபைனல் இயர். கடைக்குப் போகாம ஆன்லைன்ல தேடி, பளபளன்னு இருந்த ஒரு வெளிநாட்டு வால்வை வாங்கினேன். அரை இஞ்ச்னா எங்க வாங்கினாலும் அரை இஞ்ச்தானே?

நாலு சுத்து ஏறினதும் நல்லா இறுகிடுச்சு. டெஃப்ளான் டேப்பும் சுத்தியிருந்தோம். பச்சைத்தண்ணி போனப்போ ஒரு சொட்டு இல்ல. கீசரை ஆன் பண்ணி வெந்நீர் ஓடின ரெண்டாவது நாள்ல இருந்து மெதுவா கசிய ஆரம்பிச்சது. ஒரு வாரம் கழிச்சு கீழ் வீட்டு அங்கிள் மேல வந்தார். அவர் வீட்டு சீலிங்ல தட்டு அளவுக்கு ஈரம் படிஞ்சிருந்தது. புதுசா பெயின்ட் அடிச்ச வீடு. அப்பா என்னைப் பார்த்த பார்வையை இங்க எழுத வேண்டாம்.

திரும்ப வந்த பிளம்பர் அண்ணன் வால்வைக் கழட்டி, மரை மேல நகத்தை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டு, இது வேற மரைன்னு சொல்லிட்டார். நகத்தால! அப்புறம்தான் நான் வால்வோட உடம்புல பார்த்தேன், என்.பி.டி. என்று மூணு எழுத்து. அமெரிக்க மரை. எங்க வீட்டுச் சுவத்துக்குள்ள இருக்கறது பி.எஸ்.பி., பிரிட்டிஷ் மரை. ரெண்டுக்கும் இஞ்சுக்கு 14 சுத்துதான். ஆனா ஒண்ணு 60 டிகிரி, இன்னொண்ணு 55. அந்த 5 டிகிரி இடைவெளி வழியாத்தான் தண்ணி கீழ் வீட்டுக்குப் போயிருக்கு.

மெஷின் டிராயிங் ஷீட்ல நீங்களும் இதை வரைஞ்சிருப்பீங்க. பி.எஸ்.டபிள்யூ. த்ரெட், கோணம் 55, உச்சியும் அடியும் உருண்டை. அந்த டபிள்யூ ஒரு ஆளோட பேரு, விட்வொர்த். வரைஞ்சப்போ எனக்கும் அது தோணல. யாரு இந்த ஆளு, ஏன் 55 என்று நான் தேடினதே சீலிங் நனைஞ்ச பிறகுதான்.

ஜோசப் விட்வொர்த் 1803 டிசம்பர் 21 அன்று இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டாக்போர்ட்டில் பிறந்தவர். அப்பா சார்லஸ், பள்ளி ஆசிரியரும் தேவாலயப் போதகரும். ஜோசப்புக்குப் பத்து, பதினோரு வயசு இருக்கும்போது அம்மா இறந்துட்டாங்க. குடும்பம் சிதறிப்போச்சு. பையனை ஒரு போர்டிங் ஸ்கூலுக்கு அனுப்பினார்கள். பதினாலு வயசில் டெர்பிஷயரில் பஞ்சாலை வைத்திருந்த மாமாவிடம் வேலை கத்துக்க விட்டார்கள். மாமாவுக்குப் பிறகு மில் இவன் கைக்கு வரும் என்பது குடும்பத்தோட கணக்கு.

நாலு வருஷம் இருந்தான். மில்லில் இருந்த ஒவ்வொரு மெஷினையும் கரைச்சுக் குடிச்சான். ஆனா பஞ்சு வியாபாரம் பிடிக்கல, அந்த மெஷின்கள் எவ்வளவு மோசமா செய்யப்பட்டிருக்குங்கறதுதான் கண்ணை உறுத்துச்சு. ஒருநாள் யாருகிட்டயும் சொல்லாம மான்செஸ்டருக்கு ஓடிப்போய் ஒரு பட்டறையில் மெக்கானிக்காகச் சேர்ந்துட்டான். வீட்டுல சொன்ன பிராஞ்ச்ல சேர்ந்துட்டு நாலு வருஷமா முழிச்சிட்டிருக்கிற நம்ம பல பேரை நினைச்சா, இந்த இடம் எனக்குக் கொஞ்சம் பொறாமையாவே இருக்கு.

1825-ல் ஃபேனி ஆங்கர்ஸ் என்ற பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு லண்டன் போனார். அங்கே அன்றைக்கு மெஷின் தொழிலோட கோயில் என்றால் ஹென்றி மாட்ஸ்லியின் பட்டறைதான். அங்கே வேலை பார்த்த காலத்தில் அவர் பிடித்துக்கொண்ட பிரச்சனை, உண்மையான சமதளம்.

ஒரு இரும்புத் தட்டு தட்டையா இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க? ஸ்கேல் வெச்சுப் பார்க்கலாம்னா, அந்த ஸ்கேல் நேரா இருக்குன்னு யார் சொன்னது? ரெண்டு தட்டை ஒண்ணோடொண்ணு உரசிப் பொருத்தினாலும் நம்ப முடியாது. ஒண்ணு லேசா மேடு, இன்னொண்ணு அதுக்கேத்த பள்ளம்னு இருந்தா ரெண்டும் கச்சிதமா உக்காரும், ஆனா ரெண்டுமே தட்டை இல்ல. இதுக்கு வழி, மூணாவது தட்டு. ஒண்ணை ரெண்டோட, ரெண்டை மூணோட, மூணை ஒண்ணோட என்று மாத்தி மாத்தி சாயம் தடவி வெச்சுப் பார்த்து, மேடு தெரியற இடத்தை மட்டும் சுரண்டி எடுக்கணும். மூணும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தினா மட்டும்தான் மூணும் தட்டை. இது மாட்ஸ்லி பட்டறையில் ஏற்கனவே இருந்த பழக்கமா, விட்வொர்த்தே கண்டதா என்பதில் வழக்கு உண்டு. ஆனா அரைக்கக் கூடாது, சுரண்டணும் என்று அடிச்சுச் சொல்லி, 1840-ல் கிளாஸ்கோவில் நடந்த அறிவியல் மாநாட்டில் கட்டுரை வாசித்து, எல்லாப் பட்டறைக்கும் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் இவர்தான். உங்க மெட்ராலஜி லேப்ல மூலையில தூசி படிஞ்சு கிடக்குற சர்ஃபேஸ் பிளேட்டுக்குப் பின்னாடி இந்தக் கதை இருக்கு.

பிறகு ஜோசப் கிளமென்ட்டின் பட்டறை. சார்லஸ் பாபேஜின் டிஃபரன்ஸ் எஞ்சினுக்குப் பாகங்கள் தயாரான இடம் அது. கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்கள் கவனிக்க, உங்க தாத்தா எஞ்சினுக்கும் விட்வொர்த் கை பட்டிருக்கு.

1833-ல் மான்செஸ்டர் திரும்பி, நீராவிச் சக்தியோட ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, லண்டனில் இருந்து வந்த கருவி செய்பவர் என்று போர்டு மாட்டினார். மான்செஸ்டர் பக்கத்து ஆளுதான். ஆனாலும் போர்டில் லண்டன் இருந்தாத்தானே கஸ்டமர் வருவான்!

இப்போ மரைக்கு வரலாம். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை. இஞ்சுக்கு எத்தனை சுத்து, என்ன கோணம், எவ்வளவு ஆழம், எல்லாம் அந்தந்த மேஸ்திரி வெச்சதுதான் சட்டம். ஒரு பட்டறை போல்ட்டுக்கு இன்னொரு பட்டறை நட்டு சேராது. ரயில் எஞ்சின் எங்கேயோ நடுவழியில் நின்னு ஒரு போல்ட் போச்சுன்னா, அதைச் செஞ்ச பட்டறைக்கே ஆள் அனுப்பணும்.

இந்த இடத்தில் நீங்க விட்வொர்த்தா இருந்தா என்ன செய்திருப்பீங்க? நான் என்ன செய்திருப்பேன்னு எனக்குத் தெரியும். ஸ்ட்ரெஸ் கணக்குப் போட்டு, இருக்கறதிலேயே சிறந்த மரையை டிசைன் பண்ணி, எல்லாரும் இதைத்தான் போடணும்னு சொல்லியிருப்பேன். அவர் அப்படிச் செய்யல. இங்கிலாந்தின் முக்கியமான பட்டறைகளில் இருந்து போல்ட்களைச் சேகரிச்சார். வரிசையா வெச்சு அளந்தார். கோணத்தோட சராசரி ஏறக்குறைய 55 டிகிரி வந்தது. சரி, 55 என்று வெச்சுட்டார். சுத்துக் கணக்கையும் அப்படியே நடுவாந்தரமா எடுத்தார். கால் இஞ்ச் போல்ட்டுக்கு இஞ்சுக்கு 20, அரை இஞ்சுக்கு 12, ஒரு இஞ்சுக்கு 8. உச்சியிலும் அடியிலும் ஆறில் ஒரு பங்கை உருட்டிவிட்டார். கூர்மையா விட்டா அடிபட்டு நசுங்கும், வெட்டுற கருவியும் சீக்கிரம் மழுங்கும். 1841-ல் லண்டன் சிவில் எஞ்சினியர்கள் சங்கத்தில் இதைக் கட்டுரையாக வைத்தார்.

ஆக, 55-க்குப் பின்னாடி பெரிய தியரி எதுவும் கிடையாது. யாருக்கும் முழுசா சொந்தமில்லாத, ஆனா யாருக்கும் ரொம்ப தூரமும் இல்லாத ஒரு எண். எந்தப் பட்டறையும் இன்னொரு பட்டறைகிட்ட தோத்ததா நினைக்க வேண்டாம். ரயில்வே கம்பெனிகள் முதலில் எடுத்துக்கிட்டாங்க, பிறகு நாடே. அதோட விட்வொர்த் பட்டறை டேப், டை எல்லாம் செஞ்சு வித்ததும் ஒரு காரணம். மரையை ஃப்ரீயா சொல்லிக்கொடுத்து, மரை போடுற கருவியைக் காசுக்கு வித்தார். விவரமான ஆளு.

1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் ஒரு இஞ்சில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக் காட்டும் அளவுக் கருவியை வைத்தார். எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாத காலம். திருகாணியும் சக்கரமும் தொட்டு உணர்வதும் மட்டும்தான். கிரீமியப் போர் நேரத்தில் கடற்படைக்கு 90 படகு எஞ்சின் அவசரமா வேணும்னு வந்தப்போ, ஜான் பென் என்ற எஞ்சினியர் ஒரு மாதிரி எஞ்சினைப் பிரிச்சு, பாகங்களைப் பல பட்டறைக்கு அனுப்பி, வெவ்வேறு ஊரில் செஞ்சு வாங்கி ஒண்ணு சேர்த்தார். எல்லாப் பட்டறையிலும் ஒரே அளவு, ஒரே மரை. பத்து வருஷம் முன்னாடி இதை யாரும் யோசிச்சே பார்த்திருக்க முடியாது.

அதே போர் சமயத்தில்தான் அவர் வாழ்க்கையில் எனக்கு ரொம்ப விநோதமா படுற விஷயம் ஆரம்பிச்சது. 1854-ல் அரசாங்கம் என்ஃபீல்டு துப்பாக்கி செய்ய மெஷின்கள் கேட்டது. என்ஃபீல்டு உங்களுக்குத் தெரியும், 1857 கலகத்துக்குக் காரணமா ஹிஸ்டரி புக்ல வர்ற அந்தக் கொழுப்பு தடவின தோட்டாத் துப்பாக்கி. மெஷின் செய்யறதுக்கு முன்னாடி, குண்டு ஏன் நேரா போகுது, ஏன் கோணலா போகுதுன்னு எனக்கே முதலில் தெரியணும் என்று சொல்லிட்டார். மான்செஸ்டரில் தன் வீட்டை ஒட்டி 500 கெஜ நீளத்துக்குக் கூரை போட்ட சுடும் கூடம் கட்டி வருஷக்கணக்கா சோதனை பண்ணினார். முடிவில் வந்தது ஆறு பட்டைக் குழல் உள்ள துப்பாக்கி. குழலுக்குள்ள முறுக்கு 20 இஞ்சுக்கு ஒரு சுத்து, என்ஃபீல்டில் 78 இஞ்சுக்கு ஒண்ணு. 1857 சோதனையில் என்ஃபீல்டை எல்லாத் தூரத்திலும் தூக்கிச் சாப்பிட்டது. 1860-ல் விம்பிள்டனில் விக்டோரியா ராணியே ஒரு பட்டுக் கயிற்றை இழுத்து, ஸ்டாண்டில் பொருத்தின விட்வொர்த் துப்பாக்கியால் 400 கெஜத்தில் நடுப்புள்ளியை ஒட்டிச் சுட்டார்.

ராணுவம் வேண்டாம்னு சொல்லிடுச்சு. என்ஃபீல்டு குழல் 0.577 இஞ்ச், இவருடையது 0.451. கையிருப்புத் தோட்டா எதுவும் சேராது. கரி சீக்கிரம் அடைச்சுக்கும். விலை பல மடங்கு. எல்லாப் பட்டறையோட போல்ட்டையும் பொறுமையா அளந்து நடுவுல ஒரு எண்ணை எடுத்த அதே மனுஷன், துப்பாக்கியில் யாரோடவும் சேராத ஒண்ணைச் செஞ்சு வெச்சுட்டு, உலகம் ஏன் வாங்க மாட்டேங்குதுன்னு வருஷக்கணக்கா அதிகாரிகளோட மல்லுக்கட்டினார். துப்பாக்கி சிறந்ததுதான். அதில் சந்தேகமே இல்ல. கடைசியில் அது அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் குறிபார்த்துச் சுடுபவர்கள் கைக்குப் போச்சு. 1864 மே மாதம் வடமாநில ஜெனரல் ஜான் செட்ஜ்விக், அவ்வளவு தூரத்தில் இருந்து யாரும் சுட முடியாது என்று தன் வீரர்களைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தபோதே குண்டடிபட்டு விழுந்தார். அது விட்வொர்த் குண்டு என்றே பலரும் நம்புகிறார்கள். அடிமை முறைக்காகச் சண்டை போட்டவங்க கையில போய் முடிஞ்ச டிசைன். இதைப் படிச்சப்போ எனக்கு ஒரு மாதிரிதான் இருந்தது.

அவரோட கடைசிக் காலத்தை நான் வேகமா சொல்லிடறேன். எஃகு உருகி இருக்கும்போதே அழுத்தி, காற்றுக் குமிழ் இல்லாம வார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். 1869-ல் சர் பட்டம். ஃபேனி இறந்த பிறகு 1871-ல் மேரி லூயிசா என்பவரை மணந்தார். குழந்தைகள் இல்லை. நாம கவனிக்க வேண்டியது 1868. அந்த வருஷம் ஒரு லட்சம் பவுண்டை ஒதுக்கி, வருஷத்துக்கு 100 பவுண்டு வீதம் 30 ஸ்காலர்ஷிப் ஏற்படுத்தினார். எழுத்துப் பரீட்சை மட்டும் போதாது, பட்டறையில் கையால் வேலை செய்தும் காட்டணும். இன்னைக்கும் அந்த ஸ்காலர்ஷிப் நடக்குது. இந்தச் செலெக்‌ஷன்ல நம்ம கிளாஸ்ல எத்தனை பேர் தேறுவோம்? நான் முதல் ரவுண்டிலேயே அவுட், வால்வு சாட்சி. 1887 ஜனவரி 22 அன்று மான்டி கார்லோவில், 83 வயசில் இறந்தார்.

அவர் இறந்த பிறகுதான் நம்ம குழாய்க் கதை. 1841 கட்டுரை போல்ட்டுக்கானது. அதே 55 டிகிரி வடிவத்தைக் கேஸ், தண்ணீர்க் குழாய்களுக்கும் போட்டுப் பழகி, 20-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் பிரிட்டிஷ் தரமாகவே எழுதிட்டாங்க. அதுதான் பி.எஸ்.பி. அதற்குள் அமெரிக்கா தனி வழி போயிருந்தது. பிலடெல்ஃபியாவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-லேயே 55-ஐ அளக்கறதும் உச்சியை உருட்டறதும் வீண் வேலை, 60 டிகிரியும் தட்டையான உச்சியும் போதும் என்று சொல்லிட்டார். நியாயமாப் பார்த்தா அவர் சொன்னதுதான் செய்ய சுலபம். போல்ட் விஷயத்தில் கடைசியில் உலகமே 60-க்குப் போயிடுச்சு. நாமும் மெட்ரிக் மரைக்கு மாறிட்டோம். குழாய் மட்டும் மாறல. மெட்ரிக்கின் தாய்வீடான பிரான்ஸ், ஜெர்மனியில்கூட குழாய் மரை இஞ்ச் கணக்குதான். நம்ம ஐ.எஸ். 554-ம் அதே 55 டிகிரிதான். ஏன்னா போல்ட்டைக் கழட்டித் தூக்கிப் போடலாம், சுவத்துக்குள்ள பூசின குழாயை என்ன பண்ணுவீங்க? புதுசா வர்ற ஒவ்வொரு துண்டும் பழைய துண்டோட சேர்ந்தாகணும்.

இங்கிலாந்தில் குளிருக்கு வீடு முழுக்க வெந்நீர் ஓட்டி, அறைக்கு அறை ரேடியேட்டர் வைப்பாங்க. அங்க ஒரு ரேடியேட்டர் கூட்டணும்னாலும் இதே தலைவலிதான். செம்புக் குழாய் 15 மில்லிமீட்டர், மெட்ரிக். ரேடியேட்டரோட வாய் அரை இஞ்ச் பி.எஸ்.பி. நடுவுல உக்கார்ற வால்வுக்கு ஒரு பக்கம் ஒரு நூற்றாண்டு, மறுபக்கம் இன்னொரு நூற்றாண்டு. ரேடியேட்டர் பக்கம் டேப் சுத்தணும், ஏன்னா அங்க மரையே தண்ணியை அடைக்குது. செம்புக் குழாய் பக்கம் டேப் வேண்டாம், அங்க அடைக்கறது நட்டுக்குள்ள நசுங்கற சின்னப் பித்தளை வளையம். பழைய வீட்டில் இஞ்ச் காலத்துச் செம்பு இருந்தா, அரை இஞ்ச் குழாய் 15 மில்லிமீட்டர் ஃபிட்டிங்கில் சேர்ந்துடும். முக்கால் இஞ்ச் குழாய் 22-ல் நேரா சேராது, வேற வளையம் வாங்கணும்.

கீசர் மாட்டப்போறீங்கன்னா உங்களுக்கும் அதே கேள்விகள்தான். முதலில், அரை இஞ்ச்னு சொல்றதை ஸ்கேல் வெச்சு அளக்காதீங்க. அது உள்விட்டத்தோட பேரு. அரை இஞ்ச் பி.எஸ்.பி. மரையோட வெளிவிட்டம் 20.955 மில்லிமீட்டர், முக்கால் இஞ்ச் 26.441. வெர்னியர் வெச்சு 21 வந்துச்சேன்னு முக்கால் வாங்கிட்டு வந்தவங்களை எனக்குத் தெரியும். அடுத்து, அடைக்கறது எது? கூம்பு மரைன்னா டேப், நேர் மரைன்னா வாஷர். கீசர் கனெக்‌ஷன் ஹோஸ்ல வாஷர் இருக்கும், அங்க டேப் சுத்தறது வீண். வெந்நீர் லைனுக்கு சி.பி.வி.சி., மரை வர்ற இடத்துல பித்தளை பதிச்ச எம்.டி.ஏ., எஃப்.டி.ஏ. வாங்குங்க. வெறும் பிளாஸ்டிக் மரையில இரும்பு நிப்பிளை ஏத்தி இறுக்கினா கீறல் விடும். முக்கியமா, வால்வு உடம்புல என்ன எழுத்து இருக்குன்னு பாருங்க. எழுத்து இல்லேன்னா கையில இருக்கற பழைய நிப்பிளைக் கடைக்கே எடுத்துட்டுப் போய் ஏத்திப் பாருங்க. சரியான மரை கையாலேயே அஞ்சாறு சுத்து உறுத்தாம ஏறும். என்னோடது நாலுல இறுகினப்போ அதை நான் நல்ல சகுனம்னு நினைச்சேன்.

பிளம்பர் அண்ணன் அன்னைக்கே தெருமுனைக் கடையில இருந்து வேற வால்வு வாங்கிட்டு வந்து மாட்டினார். டேப்புக்குப் பதிலா கொஞ்சம் சணல், மேல பேஸ்ட். கால் மணி நேர வேலை. அவர் பட்டறை பாஷையில இன்னைக்கும் எல்லாம் நூல் கணக்குதான், ஒரு நூல்னா இஞ்சுல எட்டுல ஒரு பங்கு. விட்வொர்த்ங்கற பேரை அவர் கேள்விப்பட்டதில்ல. நான் சொன்னப்போ, அவரு ஏன் 55 வெச்சாருன்னு கேட்டார். எல்லாரோடதையும் அளந்து நடுவுல வெச்சாருண்ணு சொன்னேன். தலையாட்டிட்டு டூல் பேக்கை எடுத்துக்கிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிட்டார். கீழ் வீட்டு சீலிங்குக்குப் பொங்கல் கழிச்சு நானும் அப்பாவும் போய் பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சுக் கொடுத்தோம்.